இருபது வருடம் கழித்து சைக்கிள் ஏறுகிறவர்களுக்கு

தருமபுரியில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். திங்கட்கிழமை காலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் இப்போதெல்லாம் ஒருவராவது சைக்கிள் கதையோடு வருகிறார்.

சமீபத்தில் வந்தவர் 47 வயது ஆசிரியர். மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள், அவள் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு வாசலோரம் சும்மா நின்றிருக்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னதும் இவர் அதைத் துடைத்து, காற்றடித்து, ஞாயிறு விடியற்காலையில் அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் வரை மிதித்துவிட்டார். போக 7, வர 7 கிலோமீட்டர். "ஓட்டறது கொஞ்சம்கூட மறக்கல மேடம், பத்தாவது படிக்கிற பையனாட்டம் போயிட்டேன்" என்றார். மறுநாள் அவரால் மாடிப்படி இறங்க முடியவில்லை.

அவர் சொன்னது உண்மை. சைக்கிள் ஓட்டும் வித்தை மூளையில் ஒருமுறை பதிந்துவிட்டால் அழிவதில்லை. குரங்கு பெடல் போட்டு, முட்டி சிராய்த்துக் கற்றுக்கொண்டதை முப்பது வருடம் கழித்தும் ஐந்து நிமிடத்தில் மீட்டுக்கொள்ளலாம். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. நீச்சலோ ஜிம்மோ புதிதாக ஆரம்பிக்கிறவர் தெரியாத வேலை என்று பயந்து மெதுவாகச் செய்வார். சைக்கிளில் அந்தப் பயம் வருவதில்லை. பழகிய கை, பழகிய கால் என்று நம்பி முதல் நாளே பழைய தூரத்தை ஓட்டிவிடுகிறோம்.

ஆனால் ஓட்டுகிற உடம்பு பழையது இல்லை. முப்பது வயதுக்கு மேல், பயிற்சி இல்லாவிட்டால், பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. இழந்ததை மீட்கலாம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் மீளாது. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தொடைத் தசை அதற்குச் சற்றுப் பின்னால் வரும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை உறுதிப்பட மாதங்கள் ஆகும். மூன்றாவது வாரம் மூச்சு வாங்குவது நின்றதும், "இனி எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம்" என்று தோன்றும். என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்த மூன்றாவது, நான்காவது வாரத்துக்காரர்கள்தான்.

ஆசிரியர் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. சீட் அவர் மகளின் உயரத்துக்கே வைத்தபடி இருந்தது. சீட் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். மடங்க மடங்க, முழங்கால் சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துவது கூடும். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் மூவாயிரம், நாலாயிரம் முறை மிதிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். படி இறங்கும்போதும், இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழும்போதும் முழங்காலின் முன்பக்கம் வலித்தால், நான் முதலில் கேட்பது சீட் உயரத்தைத்தான்.

அதைச் சரிபார்ப்பது எளிது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் முழுதாக நீண்டிருக்க வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் மிதிக்கிற நிலை. அளவுக்கு மேல் உயர்த்தினால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். சீட் கம்பியில் 'இதற்கு மேல் தூக்காதே' என்று ஒரு கோடு இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. சின்னச் சைக்கிளில் அந்தக் கோடு வரை ஏற்றியும் கால் நீளவில்லை என்றால், அது உங்களுக்கான சைக்கிள் இல்லை.

இதைச் சொல்லும்போதே ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அம்மா, வயது 49. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பெண்களைச் சைக்கிள் ஏற்றியபோது கற்றுக்கொண்டவர். கல்யாணத்தோடு விட்டுவிட்டார். வலி எதுவும் இல்லை, "இந்த வயசுல ஏறலாமா?" என்று கேட்கத்தான் வந்தார். தாராளமாக ஏறலாம். ஆனால் மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டிய வருடங்களில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். அப்போது விழுந்து கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும். அதனால் இவருக்கு முதல் பத்து நாள் சீட்டைத் தாழ்வாகவே வைக்கச் சொன்னேன், இரண்டு பாதமும் தரையில் ஊன்றும் அளவுக்கு. பள்ளி மைதானத்தில், காலை வேளையில், கால் மணி நேரம். பிரேக் பிடித்து நிற்பதும், இறங்குவதும், திரும்பிப் பார்ப்பதும் கைக்கு வந்த பிறகு, வாரத்துக்கு ஒரு விரற்கடையாக உயர்த்திச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தோம். துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் செயினுக்கும் போக்ஸ் கம்பிக்கும் எட்டாமல் இருக்க வேண்டும். செயின் கவர் இல்லாத சைக்கிளில் அவர் ஏறக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கூடவே தினமும் நடையும், படியேறுவதும் வேண்டும் என்றேன். சைக்கிள் இதயத்துக்கு நல்லது, ஆனால் உடம்பின் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் எலும்பைப் பலப்படுத்தாது.

எங்கள் பகுதிக்கென்றே ஒரு விஷயம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013-ல்தான். இப்போது நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களில் நிறையப் பேர் சிறு வயது முழுக்க அந்தப் போர்வெல் தண்ணீரைக் குடித்தவர்கள். பல்லில் காவிக்கறை இருந்து, காலையில் முதுகும் கழுத்தும் விறைத்து, குனிந்து நிமிரச் சிரமப்படுகிறவர் என்றால், மூட்டைச் சுற்றிய நார்களில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். இப்படிப்பட்டவர்கள் குனிந்து ஓட்டும் ரேஸ் சைக்கிளை வாங்கிவிட்டுப் பிறகு வந்து வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஹேண்டில்பார் உயரமாக, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிளே அவர்களுக்கு ஏற்றது. வாங்கும் முன் ஒருமுறை எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

எவ்வளவு ஓட்டலாம்? முதல் வாரம் சமதளத்தில் 15 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிந்தால் அந்த வேகம் சரி. பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினால் அதிகம். மறுநாள் காலை தொடை லேசாக வலித்தால் பரவாயில்லை, மூட்டு வலித்தால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். மேட்டில் இறங்கித் தள்ளுங்கள். கியர் இல்லாத சைக்கிளில் ஆடிக் காற்றை எதிர்த்து எழுந்து நின்று மிதிப்பதும் மேடு ஏறுவது போலத்தான், முழங்காலுக்கு வித்தியாசம் தெரியாது. நான்குவழிச் சாலைப் பக்கமே போக வேண்டாம்.

மரத்துப்போவதை நிறையப் பேர் வெட்கத்தில் சொல்வதில்லை. தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தால் சீட்டின் மூக்கு மேல் நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள், மட்டமாக்குங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நில்லுங்கள். மெத்தை வைத்த சீட் கவர் பெரும்பாலும் இதைக் கூட்டவே செய்யும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால், உள்ளங்கையை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. வியர்த்து, கை நடுங்கினால் உடனே இறங்கி, குளுக்கோஸ் பவுடரோ மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ சாப்பிடுங்கள். பையில் கடலை மிட்டாய் வைத்திருக்கிறேன் என்பார்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும், அந்த நேரத்துக்கு உதவாது.

பிபி, இதய நோய், புகைப் பழக்கம், குடும்பத்தில் சிறு வயதிலேயே மாரடைப்பு என்று ஏதாவது இருந்தால், ஏறும் முன் மருத்துவரைக் கேளுங்கள். ஓட்டும்போது நெஞ்சு இறுகினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், அதை வாயு என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டு மறுபடி ஏறாதீர்கள். உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த ஆசிரியருக்கு மூன்று வாரம் தொடைத் தசைக்கான பயிற்சி கொடுத்தேன், சீட்டை நான்கு விரல் உயர்த்தினோம். இப்போது பள்ளிக்குச் சைக்கிளில்தான் போகிறார். விடுமுறைக்கு வரும் மகள் சீட்டை இறக்கிவிடுவதால், தன் அளவு தெரிய நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்.

வலியோடு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எக்ஸ்ரே இருந்தால் எடுத்து வாருங்கள், கூடவே சைக்கிளையும் கொண்டு வாருங்கள். நீங்கள் அதில் ஏறி உட்காருவதைப் பார்த்தால் எனக்குப் பாதி தெரிந்துவிடும்.