கியர்பாக்ஸ் கையால் உள்ளே போக வேண்டும்

பெங்களூரு சிவாஜிநகர் குஜரியில் (பழைய உதிரிபாகச் சந்தை) செகண்ட்ஸ் இன்ஜின் வாங்க வருகிறவர்கள் ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பார்கள், புல்லியைக் கையால் சுற்றுவார்கள், விலையை அடித்துப் பேசுவார்கள். பின்பக்கம் போய் கிராங்க் ஷாஃப்டின் வாலை, அதாவது பிளைவீல் பூட்டும் பின்நுனியை, பார்க்கிறவர் அபூர்வம். நம் வண்டியில் ஏற்கெனவே இருக்கிற கியர்பாக்ஸோடு அந்த இன்ஜின் சேருமா என்பதை அந்த வால்தான் சொல்லும்.

"ஒரே கம்பெனி இன்ஜின்தான் அண்ணா, போல்ட் ஓட்டை எல்லாம் ஒத்துப்போகுது" என்று டெம்போவில் ஏற்றிக்கொண்டு என் ஷெட்டுக்கு வருவார்கள். பெல் ஹவுசிங் (கிளட்சை மூடி, கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் மணி வடிவக் கூடு) ஓட்டை ஒத்துப்போவது பாதிக் கிணறுகூடத் தாண்டியதாகாது.

ஜீப், பொலிரோ மாதிரி பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டு வரும் கிளட்ச் ஷாஃப்டின் நுனி கிராங்க் வாலின் நடுக்குழியில் உட்காரும். அந்த நுனியைத் தாங்க அங்கே ஒரு பைலட் பேரிங்கோ புஷ்ஷோ இருக்கும். கிளட்சை மிதிக்காதவரை கிராங்கும் ஷாஃப்டும் ஒன்றாகச் சுற்றுவதால் அதற்கு வேலையே இல்லை, மிதித்தால்தான் வேலை. முன்சக்கரம் இழுக்கும் கார்கள் பலவற்றில் இது கிடையாது, அவர்களுக்கு இந்தத் தலைவலியும் இல்லை.

ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜினில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் குழி இருப்பது, கிளட்சுக்குப் பதிலாக வரும் டார்க் கன்வெர்ட்டரின் மூக்கு உட்காருவதற்கு. அகலம் வேறு, ஆழம் வேறு. சில கிராங்குகளில் பேரிங் அடிக்கும் அளவுக்குக் கடைசல் முடிக்காமலே விட்டிருப்பார்கள். குழி அகலமாக இருந்தால் லேத்தில் ஒரு ஸ்லீவ் கடைந்து, வெளிவிட்டம் கிராங்குக்கும் உள்விட்டம் பேரிங்குக்கும் பொருந்தும்படி போடலாம். ஆழம் போதாவிட்டால் கிராங்கையே கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும். ஷாஃப்ட் நுனியை கிரைண்டரில் அறுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவரும் உண்டு. குழி ஆழமில்லாதபோது அப்படி அறுத்தால், பேரிங்கில் உட்கார வேண்டிய வழவழப்பான பகுதிதான் போகும்.

கன்மெட்டல் புஷ் கடைபவரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: குழியில் இறுக்கி அடித்ததும் புஷ்ஷின் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். அதனால் அடித்த பிறகுதான் ஷாஃப்டை விட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ் என்றால் கிரீஸ் வைக்காதீர்கள், அதன் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் நீளம். பெல் ஹவுசிங் முகத்திலிருந்து ஷாஃப்ட் நுனி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, இன்ஜினின் பின்முகத்திலிருந்து குழியின் அடி எவ்வளவு தூரம் என்று இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். நடுவில் அடாப்டர் பிளேட் (ஒத்துப்போகாத இரண்டு முகங்களை இணைக்கும் தகடு) இருந்தால் அதன் கனத்தையும் குழிப் பக்க அளவோடு சேர்க்க வேண்டும். அளவு சரியாக வந்தாலும் நான் நுனியில் கொஞ்சம் சப்பாத்தி மாவை ஒட்டி ஒரு தடவை சேர்த்துப் பார்த்துவிடுவேன். கழற்றும்போது மாவு நசுங்கி உலோகம் தெரிந்தால் ஷாஃப்ட் அடியில் முட்டுகிறது என்று அர்த்தம்.

முட்டினால் என்ன ஆகும்? கியர்பாக்ஸ் கடைசி அரை அங்குலம் போகாமல் நிற்கும். பையன்கள் பெல் ஹவுசிங் போல்ட்டை மாற்றி மாற்றி இறுக்கி இழுப்பார்கள். அலுமினிய ஹவுசிங்கின் காது உடையலாம். உடையாவிட்டால் இன்னும் மோசம்: ஷாஃப்ட் கிராங்கை முன்னால் தள்ளியபடியே இருக்கும், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேயும், கிராங்க் முன்னும் பின்னும் ஆட ஆரம்பிக்கும். கிளட்ச் பிளேட்டை டம்மி ஷாஃப்ட் வைத்து நடுவில் நிறுத்தியிருந்தால், கியர்பாக்ஸ் கையால் ஆட்டித் தள்ளும்போதே முகத்தோடு முகம் சேரும். போல்ட் அதைப் பிடித்து வைக்க மட்டும்தான். போகவில்லையென்றால் வெளியே எடுத்து, எது தடுக்கிறது என்று பாருங்கள்.

பிளைவீல் போல்ட்டின் எண்ணிக்கை, ரிங் கியர் பல், டவல் பின் எல்லாம் பார்ப்பது தெரிந்ததுதான். போல்ட் ஓட்டை கிராங்க் கேஸுக்குள் திறக்கும் இன்ஜின் என்றால் மரையில் சீலன்ட் போடாவிட்டால் ஆயில் கிளட்சுக்கு வரும். பின் ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அதற்காக மறுபடி கியர்பாக்ஸ் இறக்க எந்த ஓனரும் சந்தோஷமாகக் காசு தரமாட்டார். அடாப்டர் பிளேட் போட்ட வண்டியில் டயல் கேஜை (நுண்ணளவு காட்டும் முள் கருவி) பிளைவீலில் நிறுத்தி, ஹவுசிங்கின் நடுவட்டம் மையம் விலகியிருக்கிறதா என்றும் பார்க்கிறேன். பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு 0.005 அங்குலம், அதாவது 0.13 மி.மீ. அவ்வளவுதான் இடம்.

ஓட்டிப் பார்க்கும்போது: நியூட்ரலில் கிளட்சை மிதித்ததுமே சத்தம் வந்தால் முதலில் மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். மிதித்தபடி கியரில் போட்டு வண்டி நிற்கும்போது மட்டும் கீச்சிட்டால் பைலட் பக்கம் பாருங்கள்.

காகித வேலையையும் தள்ளிப் போடாதீர்கள். வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. ஆர்.சி.யில் ஒரு இன்ஜின் நம்பர், பானட்டுக்குள் வேறு நம்பர் என்றிருந்தால் இன்சூரன்ஸ் கேட்கும்போது இழுபறிதான். இன்ஜின் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ.வில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், விற்றவரிடம் நம்பர் எழுதிய பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள்.