புராசஸர் வோல்டேஜ் 2.4 என்று காட்டுகிறதா? பதறாமல் இதைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் சென்சார் பார்க்கும் மென்பொருளைத் திறந்தால் புராசஸருக்கு 2.4 வோல்ட் போவதாகச் சொல்கிறது. இன்றைய புராசஸர் எதற்கும் அவ்வளவு போனால் தாங்காது, அந்த எண்ணை நீங்கள் நிதானமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

மதர்போர்டில் சூப்பர் ஐஓ என்று ஒரு சின்னச் சில்லு உண்டு, பெரும்பாலும் நுவோட்டான் அல்லது ஐடிஇ தயாரிப்பாக இருக்கும். பல போர்டுகளில் ஃபேன் வேகம், வெப்பநிலை, வோல்டேஜ் எல்லாவற்றையும் கவனிப்பது இதுதான். தன் காலுக்கு (பின்னுக்கு) வரும் மின்னழுத்தத்தை இது 0 முதல் 255 வரை ஏதோ ஓர் எண்ணாக மாற்றி வைத்துக்கொள்ளும், அதை வோல்ட்டாக மாற்றுவது மென்பொருளின் பாடு. ஒரு படிக்கு 8 மில்லிவோல்ட் என்றால் 150 என்பது 1.2 வோல்ட். படிக்கு 16 மில்லிவோல்ட் கொண்ட பழைய சில்லு என்று மென்பொருள் நினைத்துவிட்டால் அதே 150 திரையில் 2.4 ஆகிவிடும்.

12 வோல்ட் லைனிலும் இதே கூத்துதான். அத்தனை வோல்ட்டைச் சில்லுக்குள் நேரடியாக விட முடியாது என்பதால் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்து அனுப்புவார்கள், எத்தனை மடங்கு குறைத்தார்கள் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். தவறான மடங்கால் பெருக்கினால் 12 வர வேண்டிய இடத்தில் 6 வரும். (பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் தரத்தில் வழக்கமான வரம்பு 11.4 முதல் 12.6 வரை, நிஜமாகவே 6 என்றால் கம்ப்யூட்டர் ஆன் ஆகவே ஆகாது.) எதனுடனும் இணைக்காத கால்களுக்குக்கூடச் சில மென்பொருள்கள் பெயர் வைத்து ஓர் எண்ணைக் காட்டும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

அடுத்த குழப்பம் விஐடி, விகோர். விஐடி என்பது புராசஸர் கேட்கும் வோல்டேஜ், விகோர் என்பது அதற்குக் கிடைப்பது. கேட்டது அப்படியே கிடைக்காது. பாதையில் 1 மில்லிஓம் தடை இருந்தாலே 100 ஆம்பியர் ஓடும்போது 0.1 வோல்ட் இறங்கிவிடும், ஓரளவு இறக்கம் வேண்டுமென்றே வைக்கப்பட்டதும்கூட. எந்த இடத்தில் அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். சாக்கெட்டின் பின்புறம் அளக்கும் போர்டு, சுமை ஏறும்போது புராசஸருக்குள் இருப்பதைவிடக் கூடுதலாகவே காட்டும்.

வேடிக்கை என்னவென்றால், அளப்பதே அளவைக் கெடுக்கும். 2019இல் ஏஎம்டியின் ரைசன் 3000 வகை புராசஸர்கள் வந்தபோது சும்மா இருக்கும் கம்ப்யூட்டரிலும் 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதே என்று பலர் பயந்தார்கள். அடிக்கடி சென்சாரைப் படிக்கும் மென்பொருள், புராசஸருக்குள் தூங்கும் கோர்களை எழுப்பிவிட்டு அவை விழித்த நேரத்து வோல்டேஜைப் பதிவு செய்ததுதான் அதற்கு ஒரு முக்கியக் காரணம். படிக்கும் இடைவெளியைக் கூட்டி, பின்னணியில் ஓடும் மற்றவற்றை மூடிவிட்டுப் பாருங்கள், எண் இறங்கும்.

சரி, என்ன செய்யலாம்? ஒரே நேரத்தில் இரண்டு கண்காணிப்பு மென்பொருள் ஓட விடாதீர்கள். ஒன்று படிக்கப் போகும் நேரத்தில் மற்றது சூப்பர் ஐஓ சில்லின் பதிவகத் தேர்வை (எந்த எண்ணைப் படிப்பது என்ற தேர்வை) மாற்றிவிட்டால் சம்பந்தமில்லாத எண் வரும். மென்பொருளையும் பயாஸையும் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பியுங்கள். அப்புறம் பயாஸ் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள், அங்கே மின்சேமிப்பு முழுதாக வேலை செய்யாததால் கொஞ்சம் கூடுதலாக இருப்பது சகஜம். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் என்ற சென்சார் படிக்கும் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் சரியான பெருக்கத்தை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் என்றால் மல்டிமீட்டர். சில போர்டுகளில் இதற்கென்றே அளவுப் புள்ளிகள் இருக்கும், இல்லாத போர்டில் முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால் போர்டே போய்விடும், அதனால் பழக்கம் இல்லாதவர்கள் முயல வேண்டாம். மீட்டரும் சராசரியைத்தான் காட்டும், கணநேர ஏற்றத்தைப் பிடிக்க ஆசிலாஸ்கோப் வேண்டும்.

நிஜமாகவே கவலைப்பட வேண்டிய நிலையும் உண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்கள் சிலவற்றில் கேட்கும் வோல்டேஜே அளவுக்கு மீறியிருந்தது. 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட் (புராசஸரின் உள் நிரல், பயாஸ் புதுப்பிப்போடு வரும்) 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. அந்த வகை புராசஸர் வைத்திருப்பவர்கள் சென்சாரோடு மல்லுக்கட்டுவதற்கு முன் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.