சாவிக்கு யார் நிரல் எழுதினார்கள்?

"அங்கிள், இது எஞ்சின் பவரைக் கூட்டுற வேலையா?" என்று போனை நீட்டினான் பையன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் நான் எடுக்கும் தமிழ் வகுப்புக்கு வருகிறவன். வீட்டில் முழுக்க ஆங்கிலம். தமிழ் அவனுக்கு இரண்டு மணி நேரச் சமாச்சாரம். போனில் இருந்த குறிப்பின் தலைப்பு: 'உதிரி விசை நிரலாக்கம் மற்றும் தொலைநிலைத் தொடக்க அமைவு.' விசைப்படகு, விசைத்தறி என்று போன மாதம் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதை வைத்து உதிரி விசை என்றால் கூடுதல் பவர் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அவன் மேல் தப்பே இல்லை.

விஷயம் இவ்வளவுதான்: காருக்கு இன்னொரு சாவி செய்து, அதைக் கார் ஏற்கும்படி செய்வது. அப்புறம் வீட்டுக்குள் இருந்தபடியே பட்டனை அழுத்தி எஞ்சினை ஓடவைப்பது. இதே மொழிபெயர்ப்பைப் பல இடத்தில் பார்த்துவிட்டேன். ஓரிடத்தில் 'முக்கிய நிரலாக்கம்' என்றுகூட இருந்தது. சாவிக்கான ஆங்கிலச் சொல்லுக்கு முக்கியம் என்றும் பொருள் உண்டல்லவா, இயந்திரம் அதைப் பிடித்துக்கொண்டது. இயந்திரத்தை விடுங்கள், அதைப் படித்துப் பார்த்து வெளியிட்டவரும் ஒரு மனிதர்தானே?

சாவி போர்த்துக்கீசியச் சொல். அவர்கள் வாயில் ஏறக்குறைய 'ஷாவி'. இந்தியின் சாபியும் அதே வழியில் வந்ததுதான். நம்மிடம் திறவுகோல் இருந்தது, மலையாளத்தில் இன்றும் தாக்கோல், யாழ்ப்பாணத்தில் திறப்பு. பொக்காகிப் போன பயிரையும் சாவி என்கிறோமே, அது வேறு சொல். தூய தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் திறவுகோல் என்று எழுதட்டும், எனக்குச் சண்டையில்லை. ஆனால் விசை? விசைப்பலகையில் அது சரி, விரலால் அழுத்துகிறோம். கார் சாவியை வைத்துக்கொண்டு 'விசையை அழுத்துக' என்றால் சாவியில் இருக்கும் பட்டனா, ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் ஸ்டார்ட் பட்டனா, எதை அழுத்துவது?

சரி, விசைக்குச் சாவி என்று மாற்றிவிடலாம். என் உண்மையான சண்டை நிரலாக்கத்தோடுதான்.

நிரல் நல்ல சொல். வரிசை, ஒழுங்கு என்று பொருள். இலக்கணத்தில் நிரல்நிறை, கூட்டத்தில் நிகழ்ச்சி நிரல். புரோகிராம் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கிரேக்க மூலம், முன்கூட்டி எழுதிவைத்தது என்ற கருத்து. கணினிக்குக் கட்டளைகளை வரிசையாக எழுதிவைப்பதை நிரலாக்கம் என்றவரைக் கும்பிடலாம். ஆனால் சாவி விஷயத்தில் யாரும் எந்தக் கட்டளையும் எழுதுவதில்லை. ஆங்கிலக்காரன் மைக்ரோவேவில் நேரம் வைப்பதற்கும் அதே சொல்லைச் சொல்வான். அவனுடைய சோம்பலை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய சில்லு ஒன்று இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில், அதை உசுப்புகிறது. சில்லு தன் எண்ணைச் சொல்கிறது. புதிய வண்டிகளில் கார் ஒரு கேள்வி கேட்கும், சில்லு இரகசியக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். எஞ்சின் பூட்டு, அதாவது தெரியாத சாவிக்கு எஞ்சினை ஓடவிடாத மின்னணுப் பூட்டு, தன் நினைவில் உள்ள பட்டியலைப் பார்க்கும். பேர் இருந்தால் பெட்ரோல், இல்லையென்றால் இல்லை. ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்கு இந்தப் பூட்டு கட்டாயம். கதவைத் திறக்கும் பட்டன் வேறு கதை. அது பேட்டரியில், இங்கே 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுகிறது. டர்பன் மால்களில் திருடன் கேட் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே நின்று நம் பூட்டும் சமிக்ஞையைக் கெடுப்பது அந்தப் பட்டனைத்தான், சில்லை இல்லை. அதனால்தான் பூட்டியபின் கைப்பிடியை ஒரு தரம் இழுத்துப் பார்க்கிறோம்.

ஆக, நடப்பது ஒரு பட்டியலில் பேர் சேர்ப்பது. எழுத்து வேலை நடப்பது காரின் நினைவில்.

சொல் சரியில்லாததால் எனக்கே ஒரு நாள் போயிற்று. மூன்றாவது சாவி செய்ய ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தேன். ஸ்டீயரிங்குக்கு அடியில் கருவியைச் செருகி, புதுச் சாவியையும் என் சாவியையும் மாற்றி மாற்றிப் போட்டார். பத்து நிமிஷத்தில் முடிந்தது. புதுச் சாவிக்கு 'நிரல் எழுதுகிறார்' என்று நானும் டீ போடப் போய்விட்டேன். மறுநாள் காலை வீட்டம்மா தன் சாவியோடு வேலைக்குக் கிளம்பினாள். பட்டனுக்குக் கதவு திறந்தது. எஞ்சின் ஒரு விநாடி உறுமி நின்றது, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கியது. அந்த ஆள் பட்டியலை அழித்துவிட்டு, கையில் இருந்த இரண்டை மட்டும் சேர்த்திருக்கிறார். கைப்பைக்குள் இருந்த சாவி ஆஜர் சொல்லவில்லை, பேர் போயிற்று. "எல்லாச் சாவியையும் கொண்டு வாங்க, பேரை அழிச்சுத் திரும்பச் சேர்க்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதனால் நான் சொல்வது சாவி சேர்த்தல். பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கிறோம், ரேஷன் அட்டையில் பேர் சேர்க்கிறார்கள். தொலைந்த சாவியின் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது சாவி நீக்கல். நீக்கினாலும் அது கதவின் பூட்டைத் திருகும், எஞ்சினைத்தான் ஓட்டாது. ஃபோர்டு கார்கள் பலவற்றில் சேர்த்த சாவி இரண்டை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினால் மூன்றாவதை நாமே சேர்த்துக்கொள்ளலாம், எட்டு வரை. கல்யாணப் பதிவுக்கு இரண்டு சாட்சி மாதிரி. இதில் நிரல் எங்கே வந்தது?

நண்பர் ஒருவர் 'பதிவு' போதுமே என்றார். வண்டிக்கு ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கிறது, நம்பர் பிளேட்டுக்கு. குழப்பம். 'இணைத்தல்' டிரெய்லர் மாட்டுவது போல. 'ஒத்திசைவு' என்கிறவர்களிடம் நான் பேசுவதில்லை. பழைய சாவியின் எண்ணையே புதுச் சில்லில் ஏற்றும் முறை ஒன்று உண்டு, அதற்கு நகலெடுத்தல் இருக்கிறது. கார் இரண்டையும் ஒரே சாவி என்று நினைத்துக்கொள்ளும். உதிரிச் சாவியும் எனக்குப் பிடிக்கவில்லை, எதிலிருந்து உதிர்ந்தது? மாற்றுச் சாவி என்றால் எல்லோருக்கும் புரியும்.

தொலைநிலைத் தொடக்கம் இன்னும் மோசம். என் வாசலுக்கும் வண்டிக்கும் முப்பது அடி. இது தொலைவா? தொடங்குவதற்கு இது என்ன விழாவா? வண்டியைக் கிளப்புதல் என்றும் சொல்ல முடியாது, வண்டி கிளம்புவதில்லை. கதவு பூட்டியபடி எஞ்சின் மட்டும் ஓடும், ஏறி ஓட்டச் சேர்த்த சாவி உள்ளே வர வேண்டும். எட்ட நின்று எஞ்சினை எழுப்புதல் என்று நான் வகுப்பில் சொல்கிறேன். நீளம்தான், பேச்சில் ரிமோட் ஸ்டார்ட் என்றே இருக்கட்டும். இங்கத்துப் பிப்ரவரிக் கோடை வெயிலில் பக்கியின் (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) உள்ளே உட்கார முடியாதவர்களுக்கு ஏசியை முன்கூட்டிப் போட இது வசதி. ஆனால் தனியாக வாங்கிப் பொருத்தும் செட்டுகள் சிலவற்றில், எஞ்சின் பூட்டை ஏமாற்ற ஒரு சேர்த்த சாவியின் சில்லையே பெட்டியில் போட்டு டாஷ்போர்டுக்குப் பின்னால் மறைத்து வைப்பார்கள். டர்பனில் வண்டிக்குள்ளேயே சாவியை விட்டுவைப்பதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் கேட்டுவிட்டுப் பையன், "அப்போ கேட் ரிமோட்டும் மோட்டார்ல சேர்க்கிறதுதானா அங்கிள்?" என்றான். ஆமாம், மோட்டார் மூடிக்குள் ஒரு பட்டன் இருக்கும், அதை வைத்துச் சேர்க்கலாம், நீக்கலாம் என்றேன். சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது, தமிழிலேயே: "எல்லாம் நீக்கிட்டேன் அங்கிள். அப்பா கேட்டுக்கு வெளியே நிக்கிறார்."