வண்டி அந்த போல்ட்டில் தொங்கவில்லை

"அண்ணே, அந்த போல்ட்டை மட்டும் நல்லா முறுக்கி விடுங்க. மொத்த வண்டியும் அதுலதான தொங்குது."

போன மாதம் ஒரு தம்பி புதூர் பக்கம் இருக்கிற என் பட்டறையில் நின்றுகொண்டு சொன்னது. மஹிந்திரா தார் வண்டி. முன்னால் வின்ச், அதாவது வண்டி சேற்றில் மாட்டினால் கயிற்றை மோட்டாரால் சுருட்டி வெளியே இழுக்கிற இயந்திரம். அதிலிருந்த ஸ்டீல் கேபிளைக் கழற்றிவிட்டு, ஆன்லைனில் வாங்கிய ஆரஞ்சு நிற சிந்தெடிக் ரோப்பை மாட்டித் தரச் சொல்லிக் கொண்டுவந்திருந்தார். 10 மில்லி கனம், 26 மீட்டர் நீளம். ரோப்பின் வால் நுனியில், பேட்டரி ஒயருக்கு அடிப்பது போன்ற ஒரு லக். அதை, ரோப் சுற்றிக்கொள்கிற உருளையான டிரம்மோடு பிடிக்க, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு போல்ட். அதைப் பார்த்ததும் அவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பார்க்கிற யாருக்கும் கலக்கத்தான் செய்யும். டன் கணக்கில் இழுக்கிற கயிற்றை இத்தனூண்டு போல்ட்டா பிடிக்கப்போகிறது?

பிடிக்காது. பிடிக்கவேண்டிய வேலையும் அதற்கு இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ரோப்பும் கொஞ்சம் மானமும் செலவானது.

ஆறேழு வருடத்துக்கு முன்னால், கள்ளிக்குடி பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் ஜீப் ஒன்று இறங்கிவிட்டது. அந்தக் கரிசல் மண்ணைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மழை பெய்து இரண்டு நாள் ஆனாலும் டயரில் அப்பிக்கொண்டு விடாது. வின்ச் நான் மாட்டிக் கொடுத்தது என்பதால் நானும் போயிருந்தேன். கரைமேல் இருந்த புளியமரம் கொஞ்சம் தூரம். ரோப்பை இழுத்து இழுத்து, ஹூக் மரத்து பெல்ட்டில் மாட்டுகிற அளவுக்கு வந்தபோது டிரம்மில் மிச்சம் மூன்று சுற்று. "மூணு சுத்து இருக்குல்ல, போதும்" என்று சொன்னது நான்தான். ரிமோட்டை அழுத்தினோம். ஜீப் அசைந்து ஒரு சாண்தான் ஏறியிருக்கும். டப்பென்று ஒரு சத்தம். லக் பிய்த்துக்கொண்டு ரோப்பின் வால் வெளியே வந்துவிட்டது. ஜீப் வந்த வழியே பின்னால் உருண்டு கருவேலம் புதரில் போய் உட்கார்ந்தது. வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்காதது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட பாடம் தப்பான பாடம். போல்ட் சின்னது, அதனால்தான் பிய்ந்தது என்று முடிவு கட்டினேன். லேத்தில் கொடுத்து டிரம் ஓட்டையைப் பெரிதாக்கி, 8 மில்லி போல்ட் ஒன்றை, ஆறுமுகத் தலையோடு, வாஷர் வைத்து முறுக்கினேன். இனி யானை இழுத்தாலும் வராது என்று உரிமையாளரிடம் சொல்லவும் செய்தேன். நாலு மாதம் கழித்து அதே ஜீப் வந்தது. ரோப்பை அவிழ்த்துப் பார்த்தால், அந்த போல்ட் தலைக்கு நேர்மேலே வந்த இடத்தில் பன்னிரண்டு பிரியில் ஐந்து அறுந்து, இலவம்பஞ்சு போலப் பறந்துகொண்டிருந்தது. மேல் அடுக்கு ஒவ்வொரு முறை இறுகும்போதும் கீழ் அடுக்கை அந்த ஆறுமுகத் தலையின் விளிம்பில் வைத்து அழுத்தியிருக்கிறது. கத்தியை நானே உள்ளே வைத்துச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு விளங்கியது பாலமேட்டில், பெரியப்பா வீட்டுத் தொழுவத்தில். காளையை லாடம் அடிக்கக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றை வேப்பமரத்தில் மூன்று சுற்று போட்டு, வாலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார். முடிச்சு இல்லை. காளை முண்டுகிறது, மரம் முனகுகிறது, அவர் விரல் நகரவில்லை. கயிறு புது நைலான் கயிறு. பக்கத்தில் நின்ற பையனிடம் சொன்னார்: "இது வழுக்கும்டா. பழைய கயிறுன்னா ரெண்டு சுத்து போதும். இதுக்கு ஒண்ணு ரெண்டு சேத்துப் போடு."

இதற்குமேல் ஒரு வின்ச் கம்பெனி கையேட்டில் ஒன்றும் இல்லை.

காளையைப் பிடிப்பது விரல் அல்ல. மரத்தின்மேல் கயிறு உரசுகிற உரசல். ஒவ்வொரு சுற்றும் இழுவையைப் பங்குபோட்டுக் குறைத்துக்கொண்டே போகிறது. கடைசியில் வாலுக்கு வந்து சேருவது கொஞ்சம்தான். டிரம்மிலும் இதே கதை. அந்தக் குட்டி போல்ட் பெரியப்பாவின் இரண்டு விரல்.

கணக்காகவே பார்க்கலாம். ஹூக் பக்கம் 3000 கிலோ இழுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் கேபிளுக்கு டிரம்மோடு உள்ள உராய்வு எண்ணை 0.15 என்று எடுத்தால், ஐந்து சுற்றுக்குப் பிறகு போல்ட்டுக்கு வருவது 27 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டைகூட இல்லை. சிந்தெடிக் ரோப்பின் இழை பாலிஎத்திலீன் குடும்பம். டைனீமா என்று சொல்கிறோமே, அது. தொட்டாலே மெழுகு போல வழவழப்பு. அதற்கு 0.06 என்று எடுத்தால், அதே ஐந்து சுற்றில் போல்ட்டுக்கு வருவது 455 கிலோ. பத்துச் சுற்று போட்டால் 69 கிலோ. என் மூன்று சுற்றுக்குக் கணக்குப் போட்டால் 970 கிலோ. கண்மாய்க்கரையில் அந்த லக் ஏன் பிய்ந்தது என்று இப்போது கேட்கமாட்டீர்கள். உராய்வு எண் மண்ணுக்கும் ஈரத்துக்கும் தக்கபடி மாறும். ஆனால் வழுக்குகிற ரோப்புக்குக் கூடுதல் சுற்று வேண்டும் என்பது மாறாது.

அதனால்தான் ஸ்டீல் கேபிளுக்குக் குறைந்தது 5 சுற்று, சிந்தெடிக் ரோப்புக்குக் குறைந்தது 10 சுற்று டிரம்மிலேயே இருக்கவேண்டும் என்று வின்ச் கம்பெனிகள் சொல்லுகின்றன. பத்தா என்று மலைக்கவேண்டாம். சாதாரண வின்ச் டிரம்மில் 10 மில்லி ரோப் ஒரு சுற்றுக்கு 23 சென்டிமீட்டர் போகும். பத்துச் சுற்று என்றால் இரண்டே கால் மீட்டரைச் சுற்றி. 26 மீட்டரில் அதை விட்டுக்கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் சேற்றில் நிற்கிறபோது குனிந்து சுற்று எண்ணுகிற பொறுமை எவனுக்கும் இருக்காது, எனக்கும் இல்லை. பட்டறையிலேயே பத்துச் சுற்று போட்டதும், பதினோராவது, பன்னிரண்டாவது சுற்று வருகிற இடத்தில் ரோப்பில் சிவப்பு நூலைப் பின்னலுக்குள் கோத்துத் தைத்துவிடுகிறேன். ஸ்பிரே பெயிண்ட் அடித்துப் பார்த்தேன், கரிசல் ஒரே நாளில் தின்றுவிட்டது. நூல் நிற்கிறது. ரோப்பை வெளியே இழுக்கும்போது சிவப்பு டிரம்மை விட்டுக் கிளம்பிவிட்டால் அதோடு நிறுத்தவேண்டியதுதான்.

இனி வாலை எப்படிப் பிடிப்பது. போல்ட்டோ, டிரம் ஓட்டைக்குள் இறங்கும் கிரப் ஸ்க்ரூவோ, வின்ச்சோடு எது வந்ததோ அதுவே போதும். தலை தட்டையாக, டிரம் மட்டத்துக்கு மேலே எழும்பாமல் இருக்கவேண்டும். அலென் கீயைக் கையால் பிடித்து இறுகும்வரை திருப்பினால் சரி. பைப் போட்டு முறுக்குகிறவர்கள் டிரம்மின் மரையை நாசம் பண்ணுகிறார்கள். ஓட்டைக்குள் ரோப்பை விட்டு மறுபக்கம் முடிச்சுப் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இந்த இழையில் முடிச்சு நிற்காது, வழுக்கி அவிழும். அவிழாவிட்டால் அந்தப் புடைப்பு வின்ச் பாடியில் உரசித் தேயும்.

ரோப்பை ஏற்றுவதற்கு முன்னால் டிரம்மை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். ஸ்டீல் கேபிள் ஓடிய டிரம்மில் பிசிர் இல்லாமல் இருக்காது. அரம் போட்டு, எமரி பேப்பர் தேய்த்து, கடைசியில் ஒரு பழைய நைலான் காலுறையை அதன்மேல் ஓட்டிப் பார்ப்பேன். அது எங்காவது மாட்டினால் திரும்ப எமரி.

முதல் சுற்று நகராமல் உட்கார, வால் நுனியை டிரம்மின்மேல் நீளவாக்கில் கொஞ்சம் படுக்கவைத்து இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன்மேலேயே சுற்ற ஆரம்பிப்பேன். சின்ன வயதில் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதற்கு முன்னால் நுனியை எச்சில் தொட்டு ஒட்டவைப்போமே, அதே வேலைதான் இந்த டேப்புக்கு. வண்டியை அது பிடிக்கப்போவதில்லை. முதல் சுற்று பிடித்துக்கொண்டால் மீதிச் சுற்றுகள் தாமாக அதன்மேல் இறுகும்.

சாட்டையைத் தொளதொளவென்று சுற்றினால் பம்பரம் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். வின்ச் ரோப்பைப் பட்டறையில் கையால் சுற்றிவிட்டு அனுப்புகிறவர்கள் செய்வது அதைத்தான். மேல் அடுக்கு இழுவையில் கீழ் அடுக்கைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கும். அப்புறம் கடப்பாரையை விட்டு நெம்பினாலும் வராது. அடியில் இருக்கிற பத்துச் சுற்றும் தொளதொளப்பாக இருந்தால் பத்து என்ற கணக்கே பொய். சுமை கொடுத்துத்தான் சுற்றவேண்டும். நான் அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் லேசான ஏற்றம் ஒன்று வைத்திருக்கிறேன். மேலே மரத்தில் அகலமான பெல்ட்டைக் கட்டி ஹூக்கை மாட்டி, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை அரைகுறையாகப் போட்டு, வின்ச்சே வண்டியை மேலே இழுத்துக்கொள்ளும்படி மெதுவாகச் சுற்றுவேன். 200, 250 கிலோ சுமை போதும். வண்டிக்குள் ஒரு ஆள் பிரேக்கில் கால் வைத்திருக்கவேண்டும். ஓடுகிற ரோப்பைக் கையால் வழிகாட்டவே கூடாது. டிரம்முக்கும் ரோப்புக்கும் நடுவில் விரல் போனால் மோட்டார் நிற்கிறதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சுற்றுகிற திசை இன்னொன்று. பெரும்பாலான வின்ச்சுகளில் ரோப் டிரம்முக்கு அடியிலிருந்துதான் வெளியே போகவேண்டும். டிரம் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். உள்ளே இருக்கிற பிரேக் ஒரு திசைக்குத்தான் சுமையைத் தாங்கும். வேலை தெரிந்தவர்களே கோட்டைவிடும் இடம் எதுவென்றால், ரோப் முழுக்க வெளியே போனதும் கவனிக்காமல் ரிமோட்டில் அவுட்டை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். டிரம் நிற்காது. ரோப்பைத் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். அவுட்டை அழுத்தினால் வண்டி முன்னால் வருகிறதே என்று சிரித்துக்கொண்டே இழுப்பார்கள். பட்டனை விட்டதும் பிரேக் பிடிக்காமல் வண்டி பின்னால் வரும்போதுதான் விவரம் தெரியும். போல்ட்டைப் பலமாக முறுக்கியிருந்தால் இது இன்னும் சுலபமாக நடக்கும். சின்ன பிடியாக இருந்தால் ரோப் கழன்று விழுந்து அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

சூடும் டிரம்மிலிருந்தே வருகிறது. பல வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கும். சுமையோடு வண்டியைக் கீழே இறக்கினால் அது கொதிக்கும். இந்த இழை 150 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். அதில் பாதிச் சூட்டிலேயே பலம் இறங்கத் தொடங்கும். முதலில் வேகுவது அடி அடுக்கு, அதாவது நாம் நம்பியிருக்கிற அதே பத்துச் சுற்று. அவிழ்த்துப் பார்த்தால் பளபளவென்று கண்ணாடி போல இறுகி, வளைத்தால் முறுமுறுக்கும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டியதுதான். சிறுமலை மாதிரி இறக்கங்களில் வண்டியை வின்ச்சில் தொங்கவிட்டு இறக்குகிற ஆசை இருந்தால், கொஞ்சம் இறக்கி, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இறக்குங்கள். அடி அடுக்குக்குச் சூடு தாங்கும் உறை போட்ட ரோப்பும் கிடைக்கிறது. காசு கொஞ்சம் கூட, ஆனால் வீண் இல்லை.

ரோப் வெளியே வருகிற வாயில் உருளைகளோடு இருக்கும் பழைய ரோலர் ஃபேர்லீடை அப்படியே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு: வேண்டாம். ஸ்டீல் கேபிள் அதில் கிழித்த கோடு ஒவ்வொன்றும் உங்கள் ரோப்புக்கு ரம்பம். ஹாஸ் என்கிற, உருளை இல்லாத வழுவழுப்பான அலுமினிய வாய் ஒன்று போட்டுவிடுங்கள். சேற்றில் இழுத்த ரோப்பை வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள், மண் பிரிகளுக்குள் உட்கார்ந்துகொண்டால் உள்ளிருந்தே அறுக்கும். வின்ச்சை மாட்ட வண்டி முகப்பில் வைக்கிற அந்தப் பெரிய இரும்புத் தடுப்பு, புல் பார், அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதை மாட்டியவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, போலீஸ் கேட்டால் பதில் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

அந்த தார் தம்பிக்கு எல்லாம் சொல்லி, அவர் கண்முன்னாலேயே பத்துச் சுற்று எண்ணிக் காட்டி, சிவப்பு நூலைத் தைத்து அனுப்பினேன். பாதி நம்பிக்கையோடுதான் போனார். போன ஞாயிற்றுக்கிழமை போடிக்கு மேலே எங்கிருந்தோ போன்.

"அண்ணே, செவப்பு வெளிய வந்துருச்சு. மரம் இன்னும் நாலடி அங்கிட்டு இருக்கு. ரெண்டு சுத்து விட்டுக்கவா?"

"சீட்டுக்கு அடியில நீளமா ஒரு பெல்ட் போட்டு விட்டேன்ல, அது கெடக்கா?"

"கெடக்குண்ணே."

"அதை மரத்துல கட்டி, இந்தப் பக்கம் நீட்டி விடுங்க. செவப்ப உள்ள சுத்திட்டு ஹூக்கை அதுல மாட்டுங்க. பைய இழுங்க, ஒண்ணும் அவசரமில்லை."

அரைமணி நேரம் கழித்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. வண்டி இல்லை, ஆள் இல்லை. டிரம் மட்டும், கிட்டத்தில் எடுத்தது. பத்துச் சுற்றும் போட்டபடியே இருந்தன.