மரக்காட்டுக்குள் செம்மறியை எப்போது விடலாம்?

மலைவேம்போ தேக்கோ நட்டவர்கள் கால்நடை மருத்துவரான என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "டாக்டர், நடுவுல புல்லு சும்மா கெடக்குது, பத்துச் செம்மறி வாங்கி விட்டா என்னங்க?" தாராளமாக விடலாம். குழி எடுக்கும் முன்பே கேட்டிருந்தால் இன்னும் நல்லது.

காரணம் நிழல். பத்தடிக்குப் பத்தடி நட்ட மலைவேம்பு இரண்டு மூன்று வருடத்தில் மேலே கூடிக்கொள்ளும், கீழே புல் நொந்துபோகும். ஆடு இருக்கும், மேய்ச்சல் இருக்காது. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களைப் பாருங்கள். கிளுவை வேலிக்குள் வெள்வேல் மரங்கள் தள்ளித் தள்ளித்தான் நிற்கும். பொடி இலை என்பதால் வெயில் தரைவரை இறங்கும், கொழுக்கட்டைப் புல் பிழைக்கும். காய்ந்த காலத்தில் உதிரும் வேலங்காயும் தீவனம். புதிதாக நடுபவர்கள் வரிசைக்கு வரிசை இருபதடியாவது விடுங்கள், வரிசைக்குள் வேண்டுமானால் நெருக்கிக்கொள்ளலாம்.

அப்புறம் பட்டை. வெள்ளாடு மாதிரி முன்னங்காலைத் தூக்கிவைத்துக் கொழுந்து பறிக்கும் பழக்கம் செம்மறிக்குக் குறைவு. அதை நம்பி, நுனி எட்டாத உயரம் போனதுமே திறந்துவிடுகிறார்கள். கொழுந்து தப்பிவிடும், பட்டை தப்பாது. பச்சை கிடைக்காத சித்திரை, வைகாசியில்தான் கடி தொடங்கும். ஒரு பக்கம் கடித்த காயம் ஆறிவிடும். தண்டைச் சுற்றி வளையமாக உரித்துவிட்டால் இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்காது, மரம் காய்ந்துவிடும். விடுவதற்கு முன் தரையிலிருந்து மூன்றடிவரை தண்டைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று, நகம் பதிகிற பட்டையாக இருந்தால் இன்னும் ஒரு கோடை பொறுங்கள். பட்டை ருசி கண்ட ஆடு மந்தையில் இருந்தால் அதை முதலில் பிரித்துக் கட்டுங்கள், மற்றவையும் பார்த்துப் பழகும்.

பட்டை கடிப்பது சத்துக்குறைவு என்று மாட்டுக்கு வாங்கிய தாதுஉப்புக் கலவையை அள்ளிவைக்க வேண்டாம். அதிலுள்ள தாமிரம் செம்மறிக்கு அதிகம். ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து, ஒருநாள் சிறுநீர் சிவந்து ஆடு படுத்துவிடும். செம்மறிக்கென்று கேட்டு வாங்குங்கள்.

மழைக்காலத்தில் மரநிழல் ஈரத்தில் வயிற்றுப்புழு பெருகும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருந்தால் புழு இரத்தம் குடிக்கிறது. துள்ளுமாரி என்கிற குடல்நச்சு நோய்க்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். காடு பச்சையான பிறகு ஓடிவருகிறவர்கள்தான் அதிகம். ஊசி பலன் தர இரண்டு வாரமாவது ஆகும், அதற்குள் புதுப்புல்லை வயிறுமுட்ட மேய்ந்த கொழுத்த குட்டிகள்தான் முதலில் சாகும்.