பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவாரா?

"சமூக ஊடகத்தில் எல்லோரும் பார்க்கட்டும் என்று எழுதியதைத்தானே ஆய்வாளர்கள் எடுக்கிறார்கள்? பெயரை நீக்கிவிட்டால் போதாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

போதாது. 2006-இல் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் சுமார் 6,50,000 பேரின் இணையத் தேடல்களை ஆய்வுக்காக வெளியிட்டது. பெயர் இருந்த இடத்தில் வெறும் எண்தான். ஆனாலும் ஓர் எண்ணின் கீழ் குவிந்திருந்த தேடல்களைப் படித்து, நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் சில நாட்களிலேயே அந்த எண்ணுக்குரிய பெண்மணி யாரென்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆகவே முதல் வேலை, தேவையில்லாததைச் சேகரிக்காமல் விடுவது. காய்ச்சல் பற்றிய பேச்சு எந்த வாரம் கூடுகிறது என்று பார்க்கப் பதிவின் சொற்களும் வாரமும் மாவட்டமும் போதும். நண்பர் பட்டியல் எதற்கு? 2009-இல் கணினி அறிவியலாளர்கள் அர்விந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும், பெயர் நீக்கிய ட்விட்டர் தொடர்புகளை ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தின் தொடர்புகளோடு பொருத்திப் பார்த்தார்கள். யார் யாரோடு இணைந்திருக்கிறார் என்ற வடிவத்தை வைத்தே, இரண்டிலும் கணக்கு வைத்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரை 12 சதவீதப் பிழையோடு அடையாளம் காண முடிந்தது.

ஒரே ஆளின் பதிவுகளை மாதக்கணக்கில் தொடர வேண்டிய ஆய்வுகளும் உண்டு. அங்கே பெயருக்குப் பதிலாக ஏதோ ஒரு குறி வேண்டும். இதற்குப் பலரும் நாடுவது ஹேஷ். எதைக் கொடுத்தாலும் அதைக் குறிப்பிட்ட நீள எழுத்துக்கோவையாக மாற்றித் தரும் கணக்கு இது. ஒரே பெயருக்கு எப்போதும் ஒரே கோவைதான் வரும். கோவையிலிருந்து பெயருக்குத் திரும்ப வழியில்லை. கேட்கும்போது கச்சிதமாகத்தான் இருக்கிறது.

ஓட்டை இங்கேதான். திரும்பிப் போக வேண்டிய அவசியமே இல்லை! பத்து இலக்கத் தொலைபேசி எண்கள் அதிகபட்சம் 1,000 கோடி. அத்தனைக்கும் ஹேஷ் போட்டு அட்டவணையாக வைத்துக்கொண்டால், கோவையைத் தேடினால் எண் வந்து விழும். ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு விநாடிக்குப் பல நூறு கோடி ஹேஷ் போடும். முழு வேலைக்கும் ஒரு நிமிடம் தேவைப்படாது. பயனர் பெயர்கள் இன்னும் எளிது, அவை பொதுவிலேயே கிடக்கின்றன. 2014-இல் நியூயார்க் நகரின் 17.3 கோடி டாக்ஸி பயணங்களின் தரவு வெளியானபோது, எம்டி5 என்ற ஹேஷ் முறையால் மறைத்திருந்த வண்டி எண்கள் இப்படித்தான் அம்பலமாயின.

மாற்று வழி, ஹேஷுக்குள் ஒரு ரகசியச் சாவியைக் கலப்பது. இதை எச்மேக் என்பார்கள். சாவியாக 32 பைட் நீளமுள்ள, அதாவது 0, 1 என்ற 256 இலக்கங்கள் (பிட்) கொண்ட தற்செயல் எண்ணைக் கணினியின் இயங்குதளமே உருவாக்கித் தரும். அதைப் பெயரோடு சேர்த்துக் கணக்கிட்டால், சாவி இல்லாதவர் அட்டவணை போடவே முடியாது. சாத்தியமான சாவிகள் 2-இன் 256-ஆம் அடுக்கு. பெயரைக் கையாளாமலே பதிவுகளைத் தொடரலாம், வெளியாளுக்கு அது வெறும் குப்பை எழுத்து. எனக்கு இந்தக் கணக்கின் மேல் தனிப் பிரியமே உண்டு.

கெடுவது சாவியைக் கையாளும் விதத்தில். அதை நிரலுக்குள் எழுதிவைத்துவிட்டு, கட்டுரையோடு நிரலையும் பொதுவில் போடுவார்கள். இரண்டு ஆய்வுகளுக்கு ஒரே சாவியைப் பயன்படுத்துவார்கள். உடனே இரண்டு கோப்புகளிலும் உள்ள அதே ஆள் ஒன்றாக ஒட்டிக்கொள்வார். சாவி தரவுள்ள கணினியில் இருக்கக் கூடாது, குழுவில் வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். சேகரிப்பு முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும், ஒவ்வொரு பதிவுக்கும் தளம் தரும் பதிவு எண்ணை விட்டுவைத்தால் வீண். எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) தளத்தின் 64 பிட் பதிவு எண்ணில் 41 பிட் நேரத்துக்கானது. எண்ணை வலப்பக்கம் 22 பிட் நகர்த்தி 1288834974657-ஐக் கூட்டுங்கள். 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய மில்லி விநாடியில், பதிவிட்ட நேரம் கிடைக்கும். தேதி நெடுவரிசையை நீக்கியவர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

பதிவின் வாசகமும் அப்படியே. வரியை அச்சு அசலாக மேற்கோள் காட்டினால், மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடும் எவருக்கும் எழுதியவர் கிடைத்துவிடுவார். நோய், கடன், குடும்ப வன்முறை பற்றிய ஆய்வுகளில் இது விளையாட்டல்ல. வரியை மாற்றி எழுதுங்கள். மாற்றியதையும் தேடிப் பாருங்கள்.

நிதி வழங்குவோரிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. சேகரிக்கப் பணம் தரும்போதே, தரவை உடைத்துப் பார்க்க ஒருவருக்குச் சம்பளமும் ஒதுக்குங்கள். குழுவைச் சேராத அவரிடம் வெளியிடப்போகும் கோப்பையும் இணைய இணைப்பையும் கொடுத்து ஒரு வாரம் விடுங்கள். ஒரே ஒருவரை அவர் அடையாளம் கண்டாலும் கோப்பு வெளியே போகக் கூடாது.