உதவித்தொகை ஃபார்ம்: எழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை

உதவித்தொகை விண்ணப்பத்தைக் கையால் எழுதச் சொன்னால், “சார், என் கையெழுத்து நல்லா இருக்காதே” என்று தயங்கும் மாணவர்கள் உண்டு. கவலையே வேண்டாம். முத்து முத்தான எழுத்தில் வந்தும் எங்கள் உதவித்தொகைப் பிரிவிலிருந்து திரும்பிப் போகும் ஃபார்ம்கள் ஏராளம். நீங்கள் தாளில் எழுதுவதை இன்னொருவர் பார்த்துக் கணினியில் ஏற்றுவார். அவர் எந்தக் கட்டத்திலும் ஊகித்துக்கொண்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதிகம் மாட்டுவது பெயரில். நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆதாரில் ‘கார்த்திக் ஜி’, டி.சி.யில் ‘ஜி. கார்த்திக்’, பாஸ்புக்கில் ‘கார்த்திக் கணேசன்’. இது போதாதென்று ஃபார்மில் தமிழில் ‘க. கார்த்திக்’ என்று எழுதினால், ஏற்றுபவர் ‘கே’ என்று அடித்துவிடுவார். அரசு உதவித்தொகை ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் போகிறது. ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். டி.சி.யில் வேறு மாதிரி இருந்தால் முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வங்கி விவரம். தனியார் அறக்கட்டளைகள் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. என்ற வங்கிக் கிளைக் குறியீட்டையும் வைத்தே பணம் அனுப்புகின்றன. பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் கொண்டே வங்கி வரவு வைத்துவிடலாம். ஒரு இலக்கம் மாறினால் பணம் யாரோ ஒருவர் கணக்கில் போய் உட்காரும். உங்கள் 1 அடுத்தவர் கண்ணுக்கு 7 ஆகத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.எஃப்.எஸ்.சி. 11 இடங்கள் கொண்டது. ஐந்தாவது எப்போதும் சைபர், ஆங்கில ‘ஓ’ அல்ல. வீட்டில் பழைய பாஸ்புக் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. பழைய குறியீடுகள் 2021-லேயே செல்லாமல் போய்விட்டன. இன்னமும் அந்தப் பாஸ்புக்கைப் பார்த்து எழுதுகிறார்கள்! கிளைக்குப் போய்ப் புதுப் பாஸ்புக் வாங்கிவிடுவது நல்லது.

மற்றவை சின்ன விஷயங்கள். ஜெல் பேனா ஈரம் பட்டால் கரையும், பால்பாயின்ட் போதும். தப்பாகிவிட்டால் ஒயிட்னர் பூசாதீர்கள், ஒரே கோடு போட்டு அடித்து, மேலே எழுதிக் கையெழுத்திடுங்கள். கணக்கு எண்ணில் அடித்தல் விழுந்தால் புது ஃபார்மே எடுத்துவிடுங்கள். போட்டோவைப் பசை போட்டு ஒட்டுங்கள். முகத்தில் பின் குத்தி வருபவை ஏகப்பட்டவை. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும், போன வருடத்து ஜெராக்ஸை இணைக்காதீர்கள்.

கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்து, கொடுத்த தேதியை அதில் குறித்துக்கொள்ளுங்கள். “இன்னும் பணம் ஏறலை சார்” என்று வந்து நிற்கும்போது நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.